துரை சொன்ன புற்று

என் வயிறு கெட்டபோது அதைவிட வேகமாகக் கெட்டது என் கடையின் பெயர்தான். திருச்செங்கோட்டுக்கு வெளியே, சேலம் போகிற சாலையில், சோற்றுக் கடை வைத்திருந்தேன். மேட்டூர் அணையில் தண்ணீர் தேங்க ஆரம்பித்துச் சில வருஷம் ஆகியிருந்தது. சந்தைக்குப் போகிற வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வந்து, கம்பஞ்சோறும் பருப்புக் குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். சமையல் என் மனைவி. பரிமாறுவதும் வாயடிப்பதும் நான். அப்படிப்பட்ட கடையில் கடைக்காரனே பின்பக்கம் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே வந்து, "இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டுங்களா?" என்று கேட்டால் எவன் உட்கார்ந்து சாப்பிடுவான்? ஒருவர் பின் ஒருவராக எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள். எதிர்க் கடைக்காரன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ரொம்ப அக்கறையாக உடம்பை விசாரிப்பான். அவன் விசாரிப்புத்தான் வியாதியைவிட எனக்கு எரிச்சலாக இருந்தது.

நாலு வாய் உள்ளே போனால் போதும், விருந்து சாப்பிட்டு எழுந்தவன் மாதிரி வயிறு திணறும். வெளிக்குப் போனால் கறுப்பாகத் தார் போலப் போகும். முகம் வெளுத்துவிட்டது, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. ஆனால் வயிற்றின் மேல்பக்கம் மட்டும், இடது விலாவுக்குக் கீழே, கெட்டியாக ஏதோ கைக்குத் தட்டுப்பட்டது.

மிச்சமிருந்த வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேரும் வைத்தியர்களாகிவிட்டார்கள். ஒருவர் குன்மம் என்றார். அதற்கு ஒரு லேகியம் தின்றேன். லேகியத்தையும் வாந்தி எடுத்தேன். இன்னொருவர் குடலேற்றம் என்றார். அதற்கு ஒரு ஆள் வந்து, விளக்கெண்ணெயை வயிற்றில் ஊற்றி, களிக்கு மாவு பிசைகிற மாதிரி பிசைந்தார். ஏறியிருந்த குடல் இறங்கியதோ இல்லையோ, எனக்கு உயிர் பாதி இறங்கிவிட்டது. மூன்றாவதாக என் பெரியம்மா வந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது மருந்துதான் சாமி. ஆரோ சோத்துல மருந்து வெச்சுட்டாங்க" என்றாள்.

மருந்து வைப்பதென்றால் வசியத்துக்குச் சோற்றில் எதையோ கலந்து கொடுப்பது. எனக்குச் சோறு போடுகிறவள் ஒருத்திதான். என் மனைவி கரண்டியைக் கையில் பிடித்தபடியே அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "ஏனுங்க பெரீத்தே, மருந்து வெச்சு மயக்கறதுக்கு இவரு என்ன மைனருங்களா? அப்படியே மயங்கீட்டாலும் இவரை வெச்சுட்டு நான் என்ன பண்றதுங்க?" என்று கேட்டாள். எனக்கு வருத்தமாக இருந்தது. அவள் அவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

இருந்தாலும் மருந்து எடுக்கிற அம்மாள் ஒருத்தியிடம் போனோம். அவள் என் வயிற்றில் வாயை வைத்து உறிஞ்சி, மயிரும் அரிசியும் சுருண்ட ஓர் உருண்டையைத் துப்பினாள். பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் மனைவி ஒரு குச்சியை எடுத்து உருண்டையைக் கிளறிப் பார்த்துவிட்டு, "இது பச்சரிசிங்க. நம்ம ஊட்டுல என்னைக்குப் பச்சரிசி பொங்குனோம்?" என்றாள். அதோடு அந்த வைத்தியமும் முடிந்தது. கடைசியில்தான் பஸ் ஏறி மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போவதென்று முடிவாயிற்று. ஆம்பிளைத் துணை வேண்டுமென்று என் மாமனாரும் வந்தார். வந்தார் என்ன, முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மாமனாரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் எனக்கு ஒரு துண்டு மேட்டாங்காடு இருந்தது. எனக்குப் பண்ணயம் வராது என்று அவரே தீர்மானித்து, தன் காட்டோடு சேர்த்து என் காட்டையும் உழுதுகொண்டிருந்தார். விளைந்ததைக் கொண்டுவந்து போடும்போது கூடவே ஏச்சும் கொண்டுவருவார். சோற்றுக் கடை வைத்தவனுக்குப் பெண்ணைக் கொடுத்தோமே என்று அவருக்கு ஆற்றாமை. நான் இருக்கிற இடத்திலேயே, எனக்குக் கேட்கிற மாதிரி, "உன்ற ஊட்டுக்காரரை ஒருக்கா காட்டுப் பக்கம் வந்து எட்டிப் பாக்கச் சொல்லு அம்மிணி" என்பார் மகளிடம். நானும் அவளிடமே, "உங்கப்பாகிட்ட எனக்குக் கடை வேலை இருக்குதுன்னு சொல்லு" என்பேன்.

போன பட்டத்தில் என் காட்டு மூலையில் இருந்த பாம்புப் புற்றை அவர் கடப்பாரையால் இடித்துத் தரைமட்டமாக்கினார். கடலைக்காய் போட இன்னும் நாலு சால் இடம் கிடைக்குமாம். பக்கத்துக் காட்டுப் பெண்கள், வெள்ளிக்கிழமை பால் ஊற்றுகிற புற்றாயிற்றே என்று பதறினார்கள். "பாம்பு இருந்தா வெளிய வந்து எங்கிட்டப் பேசட்டும்" என்றார் மாமனார். பாம்பு வரவில்லை, கறையான்தான் வந்தது. அவரும் மறந்துவிட்டார், நாங்களும் மறந்துவிட்டோம்.

ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு வெள்ளைக்காரத் துரை. தமிழ் பேசுவார். ஆனால் முன்ஷி வைத்துப் புஸ்தகத்தில் படித்த தமிழ். மாதாகோயிலில் வாசிக்கிற தமிழ். "உமக்கு எத்தனை காலமாய் உபாதை?" என்று கேட்டபோது, என் மனைவி என் பின்னால் ஒதுங்கி நின்று, "நாடகத்துல ராசா பேசறாப்பல பேசறாருங்க" என்றாள்.

துரை முதலில் கஞ்சி கொடுத்துக் குடிக்கச் சொன்னார். வந்தவனுக்கு வயிற்றுக்குப் போடுகிறாரே, நல்ல மனுஷன் என்று நினைத்துக் குடித்தேன். குடித்து முடித்ததும் ஒரு ரப்பர் குழாயை விழுங்கச் சொல்லி, அதே கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுத்துச் சீசாக்களில் பிடித்தார். இத்தனை வருஷம் சோற்றுக் கடை நடத்திய எனக்குக்கூட இப்படி ஒரு யோசனை தோன்றியதில்லை. அப்புறம் சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெள்ளையாக ஒன்றைக் குடிக்க வைத்து, இருட்டறையில் ஒரு பலகைக்குப் பின்னால் நிறுத்தினார். அதுவரை வெளியே போட்டிருந்த சிவப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என் வயிற்றை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். ஏதேதோ இங்கிலீஷில் முணுமுணுத்தார். அதில் சந்தோஷம் இருந்த மாதிரி பட்டதால் நானும் சந்தோஷப்பட்டேன்.

வெளியே வந்ததும் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "உம்முடைய இரைப்பையிலே ஒரு புற்று உண்டாயிருக்கிறது. அதை வெட்டி அகற்ற வேண்டும்."

கட்டி என்று சொல்லியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. வயிற்றில் கட்டி என்றால் எங்கள் பக்கம் மாடு மேய்க்கிறவனுக்கும் புரியும். முன்ஷி அவருக்குப் புற்று என்று சொல்லிக் கொடுத்திருந்தான். எங்களுக்குப் புற்று என்றால் ஒன்றே ஒன்றுதான். அது காட்டில் இருப்பது, அதற்குள் பாம்பு இருப்பது.

மாமனார் முகம் சாம்பலாகிவிட்டது. பக்கத்தில் நின்ற கம்பவுண்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, தொரைக்கு எப்படீங்க தெரிஞ்சுது? அந்தக் கண்ணாடியப் போட்டா எங்க காடு வரைக்குந் தெரியுமாட்ட இருக்குதே" என்றார்.

துரைக்கு இது எதுவும் புரியவில்லை. அவர் தன் போக்கில் சொல்லிக்கொண்டே போனார். "சாதாரணமான புற்று இரைப்பையின் உட்தோலிலே தோன்றி எங்கும் பரவும். இதுவோ தசைச் சுவரிலே பிறந்து, வெளிப்புறமாய்த் தொங்குகிறது என்று நினைக்கிறேன். இவ்வகை மகா அபூர்வம். நான் புஸ்தகத்திலே மாத்திரம் கண்டிருக்கிறேன்."

"அபூர்வம்னா நல்லதுங்களா, கெட்டதுங்களா?" என்று கேட்டாள் என் மனைவி.

"மற்றதைப் பார்க்கிலும் நல்லது. முழுதும் எடுத்துவிட்டால் பிழைக்க இடமுண்டு. தாமதித்தால் இரத்தம் போய்ப் போய் மரித்துவிடுவார்."

மரிப்பது என்கிற வார்த்தை எனக்கு உறைக்கவில்லை. மகா அபூர்வம் என்பதுதான் உறைத்தது. என் பரம்பரையில் அபூர்வம் என்று யாரும் எதற்கும் பெயர் வாங்கியதில்லை. வெளியே வராந்தாவில் காத்திருந்த ஒரு கால்புண்காரரிடம் அதை நான் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொண்டேன்.

மாமனார் எழுந்து நின்று கும்பிட்டார். "வெட்டக் கூடாதுங்க தொரை. ஒருக்கா வெட்டுனதுக்கே இந்தக் கெரகம் புடிச்சிருக்குது. மறுக்காவும் வெட்டுனா வம்சமே தாங்காதுங்க."

"பெரியவரே, அந்தப் புத்து வேற, இந்தப் புத்து வேறங்க" என்றார் கம்பவுண்டர்.

"வேறயா? காட்டுல ஒண்ணு ஒடைச்சா வகுத்துல ஒண்ணு மொளைக்குது. வேறன்னு நீங்க எப்படீங்க சொல்லுவீங்க?"

எனக்கும் வயிற்றில் கத்தி வைத்துக்கொள்ள விருப்பமில்லை. கல்யாணமானதிலிருந்து மாமனார் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது அன்று ஒருநாள்தான். அவர் முன்னால் நடக்க, நான் பின்னால் நடந்தேன். என் மனைவி மட்டும் திரும்பித் திரும்பி ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பரிகாரம் என்ன என்று மாமனார் யாரையும் கேட்கவில்லை. உடைத்தது அவர், ஆகவே கட்ட வேண்டியதும் அவர். அவருடைய கணக்கு அவ்வளவுதான். வண்டி வண்டியாக ஏரிமண் கொண்டுவந்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, காட்டு மூலையில் தானே ஒரு புற்றுக் கட்ட ஆரம்பித்தார். கடலைக்காய் முளைத்திருந்த நாலு சால் இடத்தையும் கொத்தி எறிந்துவிட்டார். முதல் தடவை கட்டியது மழையில் கரைந்தது. மறுபடி வைக்கோல் கலந்து கட்டினார். பாம்பு போய்வர ஓட்டை வேண்டுமென்று கையை நுழைத்துத் துளை போட்டார். மஞ்சளும் குங்குமமும் பூசினார். விடிந்தால் பாலும் முட்டையும் வைப்பார். முட்டை காணாமல் போகும். மாமனாருக்கு முகம் மலரும். எங்கள் கடை நாய்க்கு அந்த மாதம் உடம்பு மினுமினுவென்று ஆகியிருந்ததை நான் கவனித்தேன், சொல்லவில்லை.

அப்புறம் அவருக்கு ஒரு சந்தேகம். பாம்பு இல்லாத புற்று புற்றாகுமா? பாம்புப் பிடாரன் ஒருவனைக் கூட்டிவந்து ஒரு நல்ல பாம்பை உள்ளே விடச் சொன்னார். பாம்பு ஒரு துளை வழியாக உள்ளே போய், மாமனார் கும்பிட்டுத் தலை நிமிர்வதற்குள் இன்னொரு துளை வழியாக வெளியே வந்து, பக்கத்துக் காட்டுக்காரர் வைக்கோல் போருக்குள் புகுந்துகொண்டது. அதற்கு ஒரு சண்டை. பக்கத்துக் காட்டுக்காரர் கடை வரைக்கும் வந்து, "உங்க மாமனாரை அவரு பாம்பை அவரே புடிச்சுட்டுப் போகச் சொல்லுங்க" என்று கத்திவிட்டுப் போனார். இதற்குள் வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் புதுப் புற்றுக்குப் பால் ஊற்ற வரத் தொடங்கிவிட்டார்கள். ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமானது என்று மஞ்சள் துணி கட்டிவிட்டுப் போனாள். எல்லாருக்கும் நல்லது நடந்தது. எனக்கு மட்டும் கறுப்பாகப் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் சந்தைக் கூட்டம். குழம்புச் சட்டியைத் தூக்கியபடி திரும்பினேன்; கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழித்துப் பார்த்தால் மேலெல்லாம் பருப்பு, சுற்றிலும் வண்டிக்காரர்கள். என் மனைவி அழவில்லை. அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு, நாலு பேரை விட்டு என்னைத் தூக்கச் சொல்லி பஸ்ஸில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அப்பாவிடம் கேட்கவில்லை. சேதி கேட்டு அவர் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துசேர்ந்தார். கையில் புற்று மண் காய்ந்து ஒட்டியிருந்தது.

அவர் வார்டுக்குள் நுழைந்தபோது துரை என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, வருத்தமாகச் சொன்னார்: "புற்று வளர்ந்திருக்கிறது."

மாமனார் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். "வளந்துருச்சுங்களா! ஆத்தா கண்ணத் தொறந்துட்டா! நேத்துத்தான் மூணு கூடை மண்ணு போட்டேன், அதுக்குள்ள வளந்துருச்சுங்களா!" என்று சத்தம் போட்டார். வார்டில் படுத்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்தார்கள். துரை, இந்த மனுஷனுக்கு மருமகன்மேல் என்ன பகை என்பது போல அவரைப் பார்த்தார். எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது.

என் மனைவி சிரிக்கவில்லை. எழுந்து போய், அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அந்த மண் கையை அப்படியே என் வயிற்றின் மேல் வைத்து அழுத்தினாள்.

"நல்லாத் தொட்டுப் பாருங்கப்பா. இதுவா நீங்க கட்டுனது?"

அதுவரை அவர் என் வயிற்றைத் தொட்டதில்லை. மாப்பிள்ளையின் வயிற்றை மாமனார் எதற்குத் தொடப் போகிறார்? கையை எடுக்கப் பார்த்தார்; அவள் விடவில்லை. கல் மாதிரி இருந்த அந்தக் கட்டி அவர் உள்ளங்கையில் தட்டுப்பட்டிருக்க வேண்டும். மகள் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க கட்டுனது காட்டுல இருக்கட்டும். அதை ஒண்ணும் பண்ண வேண்டாம், நானே பால் ஊத்தறேன். இது போவோணும்" என்று அவரிடம் சொல்லிவிட்டுத் துரையிடம் திரும்பினாள். "அறுத்துருங்க தொரை. எங்க கை வெக்கோணும்னு சொல்லுங்க, வெச்சுத் தாரேன்."

காகிதத்தில் கட்டைவிரலை ஊன்றி உருட்டினாள். பயப்படாதீங்க என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். "போயிட்டு வாங்க" என்றாள், என்னமோ ராசிபுரம் சந்தைக்கு அனுப்புகிற மாதிரி. சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் எனக்கும் சாவு பயம் வந்தது. அவளை விட்டுவிட்டுப் போக எனக்குக் கொஞ்சமும் மனமில்லை.

மறுநாள் காலை அறுவை. முகத்தில் துணி வைத்து மயக்க மருந்தைச் சொட்டு விட்டார்கள். சோற்றுக் கடையில் எத்தனையோ நாற்றம் கண்டவன் நான். அந்த நாற்றம் மாதிரி எதுவும் இல்லை. எனக்கு அதற்கு மேல் தெரியாது. விழித்தபோது வயிறு முழுக்கக் கட்டு, தொண்டையில் நெருப்பு. பிறகு துரை ஒரு கண்ணாடிச் சாடியைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். சாராய மருந்துக்குள், சின்னத் தேங்காய் அளவுக்கு, வழவழவென்று ஒன்று மிதந்தது. அவர் நினைத்தபடியே இரைப்பையின் சுவரிலிருந்து வெளியே தொங்கியதாம். சுவரில் ஒரு துண்டோடு சேர்த்து முழுசாக எடுத்துவிட்டாராம். ஒரு சீவலை மதராஸுக்கு அனுப்பியிருந்தார். அங்கிருந்தும் அதே அபூர்வ வகைதான் என்று பதில் வந்தபோது, பிள்ளை பிறந்த வீட்டுக்காரர் மாதிரி வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்தார். மறுபடி வருமோ என்று கேட்டேன். "வரலாம், வராமலும் இருக்கலாம், நீர் வருஷந்தோறும் வந்து காட்டும்" என்றார். வரவில்லை. இதை எழுதுகிற வரைக்கும் வரவில்லை.

அறுவை நடந்த காலையில் வெளியே நடந்ததை, தையல் பிரிக்கிற அன்று கம்பவுண்டர்தான் எனக்குச் சொன்னார்.

அன்று அறுவை அறையின் வாசலில் ஒரு பெஞ்சின் மேல் கிழவர் ஒருவர் மல்லாந்து படுத்திருந்தாராம். தலைக்குக் குளித்து, நெஞ்சிலிருந்து அடிவயிறு வரை விபூதி பூசி, வேட்டியைத் தளர்த்தி விட்டுக்கொண்டு, கண்ணை மூடிப் படுத்திருந்தாராம். கை கழுவ வந்த துரை, "நீர் யார்? உமக்கு என்ன வியாதி?" என்று கேட்டிருக்கிறார்.

"வியாதி ஒண்ணுமில்லீங்க தொரை. புத்தை ஒடைச்சவன் நாந்தானுங்க. மாப்பிள்ளை அந்தப் பக்கமே எட்டிப் பாக்காதவருங்க. சாமிக்கு ஆள் மாறிப் போச்சு. அறுக்கறதுன்னா என்ற வகுத்தை அறுத்துட்டு அவரை உட்டுருங்க. ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணி குடிக்கலீங்க. சுத்தமா வெச்சிருக்கறேன்."

கம்பவுண்டர் துரைக்கு எல்லாவற்றையும் இங்கிலீஷில் விளக்கினாராம். துரை கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாராம். எழுந்திருக்கச் சொல்லி எத்தனை பேர் சொல்லியும் கிழவர் எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறி, பெஞ்சு சுட்டும் எழுந்திருக்கவில்லை. துரை வெளியே வந்து, "உம்முடைய மருமகன் பிழைத்தார். நீர் எழுந்துபோய்ப் புசியும்" என்று சொன்ன பிறகுதான், "அப்ப என்னுது வேண்டாமுங்களா?" என்று ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு எழுந்தாராம்.

தையல் பிரித்த அன்று சாயந்திரம் மாமனார் வந்தார். என் மனைவி கஞ்சி வாங்கப் போயிருந்தாள். என் கட்டிலருகே நாங்கள் இரண்டு பேர்தான். அவர் ஜன்னலைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன்.

"அன்னைக்கு அங்க படுத்திருந்தீங்களாமே, பயமா இல்லீங்களா மாமா?" என்று கேட்டேன்.

"பயமில்லாத என்னுங்க மாப்பளை? கையுங் காலும் வெடவெடன்னு ஆடுச்சு. எந்திரிச்சு ஓடீரலாமான்னுகூட நெனச்சேன்" என்றார். மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் எந்திரிச்சுட்டா அவிய உங்களை அறுத்துருவாங்களேன்னுதான் அப்படியே படுத்துட்டேன்."